பொய்ரோவின் கடைசி வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோவின் வரிசையில் இறுதி நாவலான ‘கர்ட்டன்’ பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, மழையில் பேருந்து தாமதப்பட்டு நாளிதழ் பிற்பகலில் மலையேறி வந்த ஒரு நாளில் படித்தேன். முதுமையில் கை தளர்ந்த எழுத்தாளர் தம் நாயகனுக்கு அவசரமாக விடைகொடுத்த நூல் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று.

அந்நாவல் அச்சேறியது 1975இல். எழுதப்பட்டதோ இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். குண்டுவீச்சில் தாம் உயிரிழக்க நேர்ந்தால் மகளுக்கு உதவட்டும் என்று, ஐம்பது வயதை ஒட்டிய கிறிஸ்டி அதை எழுதி வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். எழுதிய வரிசையில் பொய்ரோவின் கடைசி நாவல் 1972இல் வெளிவந்தது. தளர்ச்சியைத் தேடுவோர் அங்கே தேடலாம். 1937க்குப் பின் நாவல்களில் தலைகாட்டாத, பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், ‘கர்ட்டனில்’ மீண்டும் கதைசொல்லியாக வருவதே அதன் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 1920இல் வந்த முதல் நாவலிலேயே பணி ஓய்வு பெற்றவராக அறிமுகமான பொய்ரோ, நாட்காட்டிக் கணக்குப்படி 1975இல் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். போர்க்காலக் கதை என்று கொண்டால்தான், மூட்டுவாதத்தால் சக்கர நாற்காலியில் முடங்கிய அந்த முதியவர் நம்பும்படி இருக்கிறார். முதல் நாவலில் கொலை நடந்த ஸ்டைல்ஸ் மாளிகை ‘கர்ட்டனில்’ கட்டணம் வாங்கும் விருந்தினர் விடுதி. வெள்ளைக்காரர் பங்களாக்கள் ஒவ்வொன்றாக விடுதிகளாவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் நீலகிரிக்காரர்களுக்கு, ஹேஸ்டிங்ஸ் அங்கே படும் சங்கடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷ்-வசந்துக்கு இப்படியொரு விடைபெறல் எழுதப்படாமலே 2008இல் சுஜாதாவை இழந்த நமக்கு, இத்தகைய நாவலின் அருமை கூடுதலாகவே தெரியும். ஆதலால் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய்ரோ இறப்பது இரகசியமன்று. 1975 ஆகஸ்ட் 6 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்திலேயே அவருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டது. ஆனால் குற்றவாளி யார், அவர் கையாளும் வழி என்ன என்பவற்றைக் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே போட்டு உடைத்தது எதற்காக? எங்கள் ஊர் வாசகசாலைப் பிரதியில் எவரோ முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அதையாவது ரப்பர் கொண்டு அழிக்க முடிந்தது. கட்டுரையின் அடுத்த பகுதி கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளின் இறுதி நாவலைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் முடிவை வெளியிடாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி.