நீர்க்கட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடியிருப்போர் சங்கத் தலைமையை ஏற்ற முதல் மாதத்திலேயே தண்ணீர்ச் சிக்கலைத் தீர்த்துவிட நீ துடிப்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்தில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

1978-இல் ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோல்ம்கிரனும் பெர்மாகல்ச்சர் என்ற பெயரில் முன்வைத்த, இயற்கையின் போக்கை ஒட்டி நிலத்தை வடிவமைக்கும் முறையை நான் நிலத்துக்கென்றே படித்தேன். ஹோல்ம்கிரன் 2002-இல் வகுத்தளித்த 12 நெறிகளில் முதலாவது, செயலில் இறங்குமுன் உற்றுப் பார்க்கச் சொல்கிறது. என் இரண்டு ஏக்கரில் அதற்குக் கட்டுப்பட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் குடையும் கையுமாக நின்று, நீர் ஓடும் இடத்தையும் தேங்கும் இடத்தையும் பார்த்த பிறகே வரப்பு போட்டேன். மனிதர்களிடம் மட்டும் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து தயாரித்த முறைப்பாசன அட்டவணையை முதல் கூட்டத்திலேயே வாசித்தேன், எல்லாரும் தலையாட்டினார்கள். பத்தாம் நாள் இரவு, கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரை யாரோ நடுவில் வெட்டித் திருப்பியிருந்தார்கள்.

அபராதம் போடத்தான் எண்ணியிருந்தேன். அன்று கூட்டத்துக்கு வந்தும் உள்ளே வராமல், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த நீர்க்கட்டியிடம், அதாவது வயல்களுக்கு ஏரித் தண்ணீரைத் திறந்து பாய்ச்சுபவரிடம், தற்செயலாகக் கேட்டேன். "ஏரி பாதிக்குக் கீழே இறங்கிட்டா மேட்டு வாய்க்கால்ல தண்ணி ஏறாதுங்க. உங்க கணக்குல அவங்களுக்கு வெறும் ஈரந்தான்" என்றார். திருட்டு என்று நான் நினைத்தது, என் அட்டவணைக்கு நிலம் சொன்ன பதில். ஓரத்தில் இருப்பதை மதிக்கச் சொல்லும் பதினோராவது நெறியை, நீரும் நிலமும் சேரும் கரையோரத்தில் கோரையும் மீன்குஞ்சும் செழிப்பதோடு பொருத்திப் பலமுறை விளக்கியிருக்கிறேன். என் கூட்டத்தின் ஓரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தை ஏரிக்கரையிலேயே வைத்தோம். ஏரி நிறைந்திருக்கும்போது மேட்டுக்கு முதல் முறை, பிறகு பள்ளத்துக்கு, எந்த நாள் என்பதை நீர்க்கட்டியே முடிவு செய்வார் என்று ஏற்பாடானது. சண்டை ஓய்ந்துவிடவில்லை, இப்போது பகலில் நடக்கிறது. ஒன்றை மட்டும் இந்த நெறிகள் சொல்வதில்லை: நாம் உற்றுப் பார்ப்பதால் நிலம் தன்னை மாற்றிக்கொள்ளாது, மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள். அதனால் குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

உன் குடியிருப்பில் தொட்டி வால்வைத் தினமும் திறந்து மூடுபவர் யார்? அவரிடம் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்