சாவி கொடுக்கிறவன்

சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏற்காட்டு விடுதியை வைத்து நீ எழுதி அனுப்பிய கதையைப் படித்தேன். அதோடு நீ பார்க்கச் சொன்ன ‘பேட் டைம்ஸ் அட் தி எல் ராயல்’ படத்தையும் நேற்றிரவு பார்த்து முடித்தேன். 2018-இல் ட்ரூ கொடார்ட் எழுதி இயக்கிய அப்படத்தில், 1969-ஆம் ஆண்டு, கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லைக்கோடு நடுக்கூடத்தின் வழியாகவே ஓடுகிற ஒரு பழைய விடுதிக்கு, பாதிரியார் உடையில் ஒருவரும், ஒரு பாடகியும், வாக்குவம் கிளீனர் விற்பதாகச் சொல்லிக்கொள்பவரும், பதிவேட்டில் பெயருக்குப் பதிலாக வசைச்சொல் எழுதும் பெண்ணும் வந்து சேர்கிறார்கள். ஏற்காட்டு லாட்ஜில் இருபத்தேழு ஆண்டுகள் லெட்ஜரை நீட்டியவன் என்பதால், அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆனால் என் கண் முழுவதும் அந்த விடுதியின் ரிசப்ஷன் பையன்மீதுதான். அறைக்கண்ணாடிகளுக்குப் பின்னே உளவுபார்க்கும் நடைபாதை இருப்பது அவனுக்குத் தெரியும். போரில் செய்தவற்றைப் பாதிரியாரிடம் சொல்லி அழத் தவிக்கிறான். சாகும் தறுவாய்வரை அவனுக்குக் காது கொடுக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. நீ அனுப்பிய கதையிலோ ரிசப்ஷன்காரன் சாவியைக் கொடுத்ததோடு சரி, அப்புறம் காணவே இல்லை.

சாவி கொடுப்பவனும் எல்லாவற்றையும் கவனிப்பான். எங்கள் லாட்ஜில் ஒரு மழை இரவில், ஒரு மணி நேர இடைவெளியில் இருவர் தனித்தனியே வந்து அறை கேட்டார்கள். ஒருவர் ஈரோடு என்றும் மற்றவர் வேலூர் என்றும் எழுதினார்கள். முகவரியில் கதவு எண் எழுதும்போது இருவருக்குமே பேனா சற்று நின்றது. அது பலருக்கும் நிற்கும், சொந்த வீட்டு எண்ணை மறந்தவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டாமவர் சாவியை வாங்கிக்கொண்டே, “வெந்நீர் அஞ்சு மணிக்குத்தானே வரும்?” என்றார். அதை நான் முதலாமவரிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். அவர் இடையில் டீ குடிக்கக் கடைவீதிக்குப் போய் வந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. விடிந்ததும் இருவரும் வெவ்வேறு பேருந்தில் ஏறி மலையிறங்கிப் போனார்கள். அந்த ஐந்து மணி வெந்நீரை உன் கதைக்கு எடுத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்று. கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து, விருந்தினர் யாரும் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏற்காட்டுச் சாலையின் இருபது வளைவுகளும் அடைபட்டாலும், குப்பனூர் வழியாகப் போகும் இன்னொரு மலைப்பாதையில் சேலத்துக்கு இறங்கிவிடலாமே! அந்தப் பாதையிலும் ஒரு பாறையை உருட்டிவிட்டு, மூன்றாம் காட்சியைத் திருத்தி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா