ஒரே கடிதத்தை எத்தனை பேரிடம் நீட்டுவது?

மலையகத்துத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் படிப்பிக்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும், நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலை நான் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி இரண்டு இரவு உட்கார்ந்து போனில் தட்டினாள், பிறகு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினாள், பிழை இருந்த இடங்களைச் சொன்னேன், திருத்தினாள். எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பு இடர்பாடு இருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை, காதில் இல்லை, புத்தி மந்தமும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற வேலை மற்றவர்களுக்குத் தானாக நடக்கிறது, எனக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் புதிதாக நடக்கிறது, அவ்வளவுதான். என் கல்லூரியின் பெயரை இதில் எழுதவில்லை, ஒரு இடத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து பஸ் நிற்கிற சந்திக்கு இறங்கி வர முக்கால் மணித்தியாலம். பொகவந்தலாவையிலிருந்து வருகிற பஸ்ஸில் அந்த நேரம் இருக்க இடம் கிடைக்காது, நின்றபடிதான் வந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் நிலைமை, அதனால் இதை என் கஷ்டமாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் பாடம் மின்னியல். சேர் பலகையில் எழுதிக்கொண்டே போனார். தடை, தடையி, தடைத்திறன். காதால் கேட்டால் மூன்றும் மூன்று விஷயம் என்று எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது எதற்கு என்று சொல்வேன். பலகையில் பார்க்கும்போது மூன்றும் ஒரே உருவமாக நிற்கும். அப்புறம் கொள்ளளவி, அதாவது கெப்பாசிட்டர், வந்தது. இந்த ஒரு சொல்லைக் கொப்பியில் இறக்க நான் படுகிற பாட்டை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள் சேர். வாய் முதலில் சொல்வது ‘க்’ என்கிற சத்தத்தை. எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், க நடுவில், கால் பின்னால். அதை எழுதி நிமிர்வதற்குள் அடுத்தது எந்த ‘ள’ என்பது போய்விடும், திரும்பப் பலகையைப் பார்ப்பேன், கண் வேறு வரியில் விழும், அங்கிருந்து தேடித் தேடி வருவேன். நான் ‘கொள்’ வரைக்கும் வந்தபோது பக்கத்தில் இருந்த நண்பன் மூன்று வரி முடித்திருந்தான். சேர் டஸ்டரை எடுத்தார். பாதிப் பலகை போய்விட்டது.

போனில் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வகுப்பில் போன் கூடாது என்றார். சரி, விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் பையில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அந்தக் கடிதம் நான் பத்தாம் ஆண்டு படிக்கும்போது கண்டியில் ஒரு வைத்தியர் பரிசோதித்துத் தந்தது. அதற்காக அம்மா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாக மடித்துப் பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன், மடிப்பு விழுந்த இடங்களில் இப்போது எழுத்தே அழிந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் போனால் கிழிந்துவிடும். கல்லூரியில் பதிந்த அன்றைக்கே அதன் கொப்பி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தேன். அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சேர் வாசித்துவிட்டு, “உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே தம்பி” என்றார். அன்பாகத்தான் சொன்னார், நான் தப்பாக எடுக்கவில்லை. ஆனால் அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இரண்டாவது பாடத்துக்குப் புது மிஸ் ஒருவர் வந்தார், எல்லாரையும் ஒவ்வொரு பந்தியாக எழும்பி வாசிக்கச் சொன்னார், எனக்கு முன்னால் இருந்தவன் வாசிக்கும்போதே நான் எழும்பிப் போய் மறுபடியும் அதே கடிதத்தைக் கொடுத்தேன். பின்னேரம் பரீட்சைக்கு மேற்பார்வையாக வந்த சேரிடம் மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் களைத்துப் போவது பாடத்தால் இல்லை. நான் பொய் சொல்லவில்லை, சோம்பேறி இல்லை என்று காலையில் ஒருவரிடமும் மத்தியானம் ஒருவரிடமும் பின்னேரம் இன்னொருவரிடமும் நிரூபிக்க வேண்டியிருப்பதால்தான். வீட்டுக்கு வந்து சேரும்போது பேசக்கூட முடியாமல் படுத்துவிடுகிறேன், அம்மா சுகமில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

அன்றைக்கு நல்லதும் ஒன்று நடந்தது. வேர்க்‌ஷொப்பில் படிக்கட்டு லைட்டுக்கு டூ-வே சுவிட்ச் இணைக்கச் சொன்னார்கள், கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைப் போட்டாலும் அணைத்தாலும் வேலை செய்ய வேண்டும். நான் முதலில் முடித்தேன். பிரவுண் வயர் எங்கே போகிறது, நீலம் எங்கே திரும்புகிறது, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஓடுகிற இரண்டு கம்பி எது என்று எனக்கு மனதுக்குள் படமாகத் தெரியும். இரண்டு பேருக்கு உதவியும் செய்தேன். அப்புறம் அதே இணைப்பை விளக்கி எழுதச் சொல்லி இருபத்தைந்து நிமிடப் பரீட்சை. கேள்வியை வாசித்து முடிக்கவே பத்து நிமிடம் போனது. பாதித் தாள் வெறுமையாகக் கொடுத்தேன். எனக்கு உதவி கேட்ட இரண்டு பேரும் என்னைவிடக் கூடப் புள்ளி எடுப்பார்கள், எடுக்கட்டும், அவர்கள் நல்ல பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளம்தான். அம்மா அரைப்பேரோடு வருகிற நாட்களில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேசிய தொழில் தகைமை என்பதே ஒருவருக்கு வேலை செய்யத் தெரியுமா என்று அளப்பதற்கு வந்த முறைதானே. மின் இணைப்பைப் பிழையில்லாமல் செய்கிறவனை, எழுத்தில் சொல்ல நேரம் போதவில்லை என்பதற்காகத் தெரியாதவன் என்று எழுதிவைப்பது எப்படிச் சரியாகும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பாடம் சொல்லித் தருகிற ஒரு அக்கா இருக்கிறார். அவர்தான் 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்கிற ஆங்கிலேய வைத்தியர் எழுதிய குறிப்பைப் பற்றிச் சொன்னார். 14 வயதுப் பையன் ஒருவன், நல்ல புத்திசாலி, ஆனால் வாசிக்க வராது. பாடத்தை எல்லாம் வாயாலேயே சொல்லிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். நூறு வருடத்துக்கு மேலாகிறது, அந்த ஆசிரியருக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ளவர்களின் உரிமைகளுக்காக வந்த 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது, படிக்கிறவருடைய தேவைக்கு ஏற்ற வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள், அதற்கு நன்றி. சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நான் கேட்பதில் பணம் செலவாகிற விஷயம் எதுவும் இல்லை. டியூட்டை, அதாவது பாடக் குறிப்புத் தாளை, முதல் நாளே வாட்ஸ்அப்பில் போடுங்கள், தட்டச்சு செய்த பிரதியாக. கொப்பிக்குக் கொப்பி அடித்து மங்கிப்போன தாளை என் போன் வாசிக்காது. தட்டச்சு செய்ததை போன் தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டும், பஸ்ஸில் நின்றபடியே நான் கேட்டு முடித்துவிடுவேன், வகுப்புக்கு வரும்போது பாடம் எனக்குப் பழகியிருக்கும். பலகையை அழிக்க முன் ஒரு படம் எடுக்க விடுங்கள். பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம் தாருங்கள், முடிந்தால் கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர். எழும்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள், வாயால் பதில் சொல்கிறேன்.

இதெல்லாம் உடனே முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் இந்தத் தவணையிலேயே செய்யுங்கள். கடிதத்தை ஒரு தடவை வாங்கி, பார்த்து, ஒரு கோப்பில் போட்டு, எங்களுக்குப் படிப்பிக்கிற எல்லாருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள், புதிதாக வருகிறவருக்கும் வருகிற முதல் நாளிலேயே. என்னைப் போல இன்னும் சிலர் வகுப்புகளில் இருப்பார்கள். கடிதம் எடுக்கக் கண்டி வரை போக வசதி இல்லாதவர்கள், வெட்கத்தில் வெளியே சொல்லாதவர்கள், இரண்டாம் மாதத்திலேயே நின்று போய்க் கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்கள். அவர்களை யார் தேடினார்கள்?

திங்கட்கிழமை காலையில் கடிதத்தின் புதுக் கொப்பி ஒன்றை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். வாங்கியதாக ஒரு கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், நாலு மணி வரைக்கும் வேர்க்‌ஷொப்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
மின்னியல் பிரிவு மாணவன் ஒருவன்