சங்கு ஊதாத ஆபீஸ்

ஸ்டாக்ஹோம்,
பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? போன வாரம் அண்ணி போனில் பேசும்போது, நீ மேனேஜர் ஆனதிலிருந்து ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் வீட்டுக்கு வருவதே இல்லை என்று வருத்தப்பட்டார். கேஷ் டேலி ஆகி வேலை முடிந்த பிறகும், நீ எழுந்திருக்காததால் கிளையில் ஒருவரும் எழுந்திருப்பதில்லையாம். அதுதான் மனதிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஏழு மணி வரை சீட்டில் இருந்தால்தான் நல்ல பெயர் என்பது சென்னையில் ஊறிய பழக்கம். எங்கள் ஆபீசில் ஆள் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். ஒரு நாள் நான் மட்டும் தனியாக, கையை ஆட்டி ஆட்டி விளக்கை எரியவைத்து வேலையை முடித்தேன். மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். “உனக்கு நான் அதிகமாக வேலை கொடுத்துவிட்டேனா? எதைக் குறைக்கலாம், சொல்” என்றார். என் பட்டியலைத் திறந்து, இரண்டு வேலைகளை அங்கேயே அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கிவாரிப்போட்டது அண்ணா. நான் நேரம் கழித்து உட்கார்ந்தால் அது அவர் போட்ட கணக்கில் பிழையாம்! அவர் குணம் மட்டும் காரணமில்லை. வேலைப்பளு ஆட்களின் சக்திக்கு மிஞ்சாமல் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஸ்வீடனில் 2016இல் விதியே வந்திருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் பொதுவாக வருடத்துக்கு 200 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கோடையில் சேர்ந்தாற்போல் நாலு வாரம் லீவு எடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

சரி, சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? நம் ஊரிலும்தான் லீவு கணக்கில் இருக்கிறது, கேட்கத்தான் வாய் வருவதில்லை. அந்தக் கூச்சத்தை மேலே இருப்பவர்தான் போக்க முடியும். என் மேலாளர், எல்லோரும் பார்க்கும் காலண்டரில் “3.30, மகனைக் கூப்பிடப் போகிறேன்” என்று எழுதி வைக்கிறார். நேரம் வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அவர் போன பிறகு எழுந்திருக்க எங்களில் யாருக்கும் தயக்கமே இருப்பதில்லை.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருப்பதற்கு இங்கே ‘வாப்’ என்று பெயர். ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை எடுக்கலாம். ஒரு வரம்புக்குள் சம்பளத்தில் சுமார் 80 சதவீதத்தை அரசுக் காப்பீடு கொடுக்கிறது. பிப்ரவரியில் எல்லா வீட்டிலும் சளியும் காய்ச்சலும் என்பதால் இந்த மாதத்துக்கே ‘வாப்ருவாரி’ என்று செல்லப் பெயர். நான், “லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், அவசரம் என்றால் கூப்பிடுங்கள்” என்று எழுதியிருந்தேன். மேலாளரே போன் செய்தார். “ரெண்டில் ஒன்றுதான். இன்றைக்கு நீ அம்மா மட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று நாளும் பாப்பா என் மடியிலேயே கிடந்தாள். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. இரண்டு வாரம் முன்னால் அவரும் தன் மகனுக்காக இப்படித்தான் வீட்டில் இருந்தார். அதனால்தான் எனக்கும் கூச்சமில்லாமல் கேட்க முடிந்தது.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. வேலை அழுத்தத்தில் ஒடிந்துபோகிறவர்களை இங்கே ‘சுவரில் போய் மோதினார்’ என்பார்கள். பக்கத்துக் குழுவில் ஒரு பெண் அப்படி மாதக்கணக்கில் லீவில் இருக்கிறாள். அந்தக் குழுவின் தலைவர் நடுராத்திரியில் மெயில் அனுப்புகிறவர். பதில் வேண்டாம் என்றுதான் சொல்வாராம், ஆனால் எல்லோரும் பதில் போடுவார்களாம்.

நம் அப்பாவை நினைத்துப் பார். மில்லில் எவ்வளவு கடுமையான வேலை! ஆனாலும் நாலு மணிக்குச் சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துவிடுவார். நாம் தெருமுனையில் போய் நிற்போம், கேரியரில் ஏற்றிக்கொண்டு வருவார். உன் கிளையில் சங்கு கிடையாது. நீ நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தத்தைத்தான் அவர்கள் சங்காக எண்ணிக் காத்திருக்கிறார்கள். அந்த கேஷியர் அக்காவின் பிள்ளை டியூஷன் வாசலில் தனியாக நிற்கிறான் என்று அண்ணி சொன்னார். அந்த அக்காவாக வந்து உன்னிடம் கேட்க மாட்டார் அண்ணா.

மண்டல ஆபீசின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அது உன் மேசையோடு நிற்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டி, “நான் கிளம்புகிறேன், நீங்களும் கிளம்புங்கள்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போ. முதல் நாள் நம்ப மாட்டார்கள். நாலு தடவை செய்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் எனக்கு போன் செய். அங்கே ஏழு மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. எங்களுக்கு அது ஃபிகா, அதாவது காபி இடைவேளை நேரம். காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுவேன்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

உன் தங்கை