எங்க தொகுதியில ஓட்டு கேட்டு வரப்போறவங்களுக்கு

சிங்கப்பூர் நாடாளுமன்றத் தேர்தல்ல நிக்கப்போற வேட்பாளர்களுக்கு வணக்கம்.

நீங்க எந்தக் கட்சி, இது பல பேர் சேர்ந்து நிக்கிற குழுத்தொகுதியா, ஒருத்தர் மட்டும் நிக்கிற தனித்தொகுதியா, அதெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். ஜெயிச்சா நாடாளுமன்றத்துல பேசறதோட எங்க குடியிருப்பப் பராமரிக்கிற நகர மன்றத்தையும் நீங்கதான் நடத்தப் போறீங்க, அதனாலதான் கேக்குறேன், ஒரு குறைன்னு வந்தா எங்கள அங்க போ இங்க போன்னு அலைய விடாம நீங்களே கையில எடுப்பீங்களா?

மழையில ஆரம்பிக்கிறேன். எங்க புளோக்குக்குப் பின்னாடி கார்ப்பார்க் ஓரமா ஒரு வடிகால் இருக்கு, காஞ்ச இலையும் தப்பாவ் (சாப்பாட்டுப் பார்சல்) டப்பாவும் அதோட கம்பி மேல அப்பிக்கிட்டா போதும், கொஞ்ச நேர மழைக்கே தண்ணி நடைபாதைக்கு ஏறிடும், ஒரு தடவை சக்கர நாற்காலியில வந்த பாட்டி ஒருத்தங்க லிஃப்ட்டுக்குப் போக முடியாம பக்கத்து புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளத்துலயே (வாய்ட் டெக்) ரொம்ப நேரம் காத்திருந்தாங்க. ஒரு ஆபீசுக்கு போன் போட்டா இது எங்க பொறுப்பு இல்ல, இன்னொரு ஆபீசக் கேளுங்கன்னு பதில், அங்க கேட்டா திரும்ப முதல் ஆபீசயே கேளுங்கன்னாங்க. கம்பிய சுத்தம் பண்ணா முடியிற வேலை!

பெரிய வேலை எதுவும் நடக்கலன்னு சொல்ல வரல. 2010 ஜூன்ல ஆர்ச்சர்ட் ரோட்ல வெள்ளம் வந்ததுக்கு அப்புறம் 38,000 கன மீட்டர் தண்ணி புடிக்கிற ஸ்டாம்ஃபர்ட் தொட்டியும் திருப்பிவிடுற கால்வாயும் கட்டி 2018ல முடிச்சாங்க. 0.2 ஹெக்டேரும் அதுக்கு மேலயும் இருக்கிற இடத்துல புதுசா கட்டுறவங்க மழைத்தண்ணிய மெதுவா வெளியேத்த ஏற்பாடு பண்ணணும்னு 2014ல இருந்து விதியும் இருக்கு. ஆனா அதுக்கு முந்தியே கட்டுன எங்க பேட்டைக்கு என்ன வழி? பக்கத்துப் புல்தரையில பிடிஓ (அரசாங்கம் கட்டுற புது அடுக்குமாடி வீடுங்க) வருதுன்னா, அங்க ஊறிட்டு இருந்த தண்ணி இனிமே எந்தப் பக்கம் ஓடும்னு அடிக்கல் நாட்டுறதுக்கு முன்னாடியே எங்களக் கூப்பிட்டு படம் போட்டுக் காட்டுங்க.

வீடு வந்தா ஆளுங்க வருவாங்க, பஸ்? தெங்கா புதுநகர்ல மக்கள் குடிவந்தாச்சு, ஜூரோங் வட்டார ரயிலோ 2027ல இருந்துதான் படிப்படியா. பஸ் சேவைய மேம்படுத்த 8 வருஷத்துல 900 மில்லியன் வெள்ளி வரைக்கும்னு 2024ல அரசாங்கம் சொன்னுச்சு, ரூட்ட முடிவு பண்றது நிலப் போக்குவரத்து ஆணையம்தான், ஆனா அதுல எங்களுக்கு என்ன வருதுன்னு கேட்டு வாங்கித்தர்றது உங்க வேலை. 2024 செப்டம்பர்ல ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவுல 6 நாள் ரயில் ஓடல, அந்த மாதிரி எங்க பக்கம் நடந்தா டயாலிசிஸ்க்குப் போற வயசானவங்கள யாரு எப்படி கூட்டிட்டுப் போவாங்க? இப்பவே யோசிச்சு வைங்க.

கடைசியா நேர்மை, எனக்கு இதுதான் முதல்ல. போக்குவரத்து அமைச்சரா இருந்த ஈஸ்வரனுக்கு, பதவியில இருக்கிறப்ப பரிசு வாங்குன வழக்குல, 2024 அக்டோபர்ல 12 மாச சிறைன்னு தீர்ப்பு வந்தப்ப எங்க வீட்டுப் பெரியவங்க அன்னிக்கு சரியா சாப்பிடக்கூட இல்ல, நம்ம ஆளுன்னு அவ்வளவு பெருமையா நெனச்சிருந்தாங்க. பதவியில இருக்கிறப்ப யார் டிக்கெட் குடுத்தாலும் விருந்து வச்சாலும் அத நீங்களாவே வெளிய சொல்லிடுவேன்னு ஓட்டு கேக்குறப்பவே சொல்லுங்க. நகர மன்றக் கணக்கு வருஷாவருஷம் நாடாளுமன்றத்துக்குப் போகுது சரி, மாசாமாசம் கன்சர்வன்சி (பராமரிப்புக் கட்டணம்) கட்டுற எங்களுக்கும் புரியிற மாதிரி ஒரே பக்கத்துல, நாலு அதிகாரத்துவ மொழியிலயும் எழுதி ஒவ்வொரு புளோக் நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுவீங்களா?