நியோன் பெரியவர்களுக்கு, சான் மரினோவை முன்வைத்து ஒரு மடல்

ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஜெனீவா ஏரிக்கரையில், நியோன் ஊரில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். பரவாயில்லை. நீங்கள் படிக்காவிட்டாலும், நீங்கள் நடத்தும் ஆட்டங்களை நள்ளிரவில் பார்த்துவிட்டு மறுநாள் காலை கண் எரிய வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்கள் படிப்பார்கள்.

2025 அக்டோபர் 9 அன்று வியன்னாவில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரியா சான் மரினோவை 10-0 என்று துவைத்து எடுத்தது. அர்னாட்டோவிச் ஒருவரே 4 கோல். உடனே பழைய பேச்சு மறுபடியும் கிளம்பியது. இந்த மாதிரி அணிகளை ஏன் பெரிய அணிகளோடு மோத விட வேண்டும்? கடைசி வரிசை அணிகளுக்குத் தனியாக ஒரு முன்தகுதிச் சுற்று வைத்து, அங்கேயே வடிகட்டிவிட்டால் என்ன? ஒவ்வொரு பெரிய தோல்விக்குப் பிறகும் இது என் காதில் விழுகிறது. நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் பல வருடம் அந்தக் கட்சிதான். 2006 செப்டம்பரில் ஜெர்மனி சான் மரினோவின் சொந்த மண்ணான செரவல்லேயிலேயே 13 கோல் போட்டது. பொடோல்ஸ்கிக்கு மட்டும் 4. 'இது ஆட்டமா, வதையா' என்று அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சான் மரினோ நாலாபுறமும் இத்தாலி சூழ்ந்த 61 சதுர கிலோமீட்டர் நாடு. மக்கள்தொகை 34,000 பக்கம். அதில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்களைக் கழித்தால், பந்தாடும் வயதில் இருக்கும் ஆண்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர் தேறினால் அதிகம். இது என் தோராயக் கணக்கு. அதற்குள் கால் வளைந்து கொடுப்பவர், மூச்சு நிற்பவர், வேலையிடத்தில் விடுப்பு கிடைப்பவர் என்று பொறுக்கி எடுக்க வேண்டும். அணியில் முழுநேரத் தொழில்முறை வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள்.

அவர்களின் கால்பந்துக் கூட்டமைப்பு 1931இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் உங்கள் வாசலும் ஃபிஃபா வாசலும் திறந்தது 1988இல்தான். இந்த இடைவெளியில் கரைந்துபோனது மாசிமோ போனினியின் நல்ல காலம். யுவென்டஸ் நடுக்களத்தில் ஓடி ஓடித் தேய்ந்தவர், 1985இல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். உங்கள் முன்னாள் தலைவர் பிளாட்டினியோடு ஒரே அணி. பிளாட்டினி சிகரெட் பிடிப்பதைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தபோது, "போனினி பிடிக்காமல் இருந்தால் போதும், ஓடுவது அவர்தானே" என்றாராம். கதையோ நிஜமோ, போனினி எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. அப்படிப்பட்டவர் சொந்த நாட்டுக்காக அதிகாரபூர்வமான ஆட்டம் ஆடும்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டார்.

அந்த முதல் ஆட்டம் 1990 நவம்பர் 14, செரவல்லேயில் சுவிட்சர்லாந்தோடு. 0-4. பிறகு வரிசையாகத் தோல்விகள். 1993 மார்ச்சில் துருக்கியோடு 0-0. கோல்கீப்பர் பெனடெட்டினி அன்று எதையும் உள்ளே விடவில்லை. அது அவர்களின் முதல் புள்ளி.

அதே 1993 நவம்பர் 17. பொலோன்யா மைதானம், எதிரே இங்கிலாந்து. இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாசல் முக்கால்வாசி மூடிவிட்டது. இங்கே ஏழு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும், அங்கே போலந்து நெதர்லாந்தை வீழ்த்த வேண்டும். ஆட்டம் தொடங்கியது. சான் மரினோ பந்தை முன்னே தள்ளிவிட, அது ஸ்டூவர்ட் பியர்ஸிடம் வந்தது. பதற்றமே இல்லாத பந்து. கோல்கீப்பர் சீமனிடம் திருப்பித் தட்டினார், ஆனால் தட்டியதில் வேகம் இல்லை. இடையில் ஒருவர் ஓடி வருகிறார். டாவிடே குவால்டியேரி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். காலை நீட்டினார், கோல். 8.3 நொடி. உட்கார்ந்து டீ கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிட்ட சமாச்சாரம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இதைவிட வேகமாகக் கோல் விழ அதன்பின் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

அப்புறம் இங்கிலாந்து 7-1 என்று வென்றது. இயான் ரைட் மட்டும் 4 கோல். ஆனால் சமன் செய்யவே இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அந்த இருபது நிமிடம் கால்பந்தையே கண்டுபிடித்த நாடு என்று பேசிக்கொள்ளும் இங்கிலாந்தை விட சான் மரினோ ஒரு கோல் முன்னால் இருந்தது! இங்கிலாந்து வெளியேறியது, பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் பதவியை விட்டார். இரண்டு வருடம் கழித்து ஸ்காட்லாந்து அணி சான் மரினோ வந்தபோது, ஸ்காட்லாந்து ரசிகர்கள் குவால்டியேரியைப் பிடித்துக்கொண்டு கொண்டாடினார்களாம். இங்கிலாந்தை எரிச்சல்படுத்திய ஆள் அவர்களுக்கு மாப்பிள்ளை மாதிரி.

கேட்கிறேன், முன்தகுதிச் சுற்று இருந்திருந்தால் குவால்டியேரி அந்த ராத்திரி எங்கே இருந்திருப்பார்? கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் ரிகாவில் லாட்வியாவோடு 1-1. 2004 ஏப்ரல் 28 அன்று லீக்டென்ஸ்டைனுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடம் ஆண்டி செல்வா ஃப்ரீ கிக்கில் கோல் போட, 1-0. முதல் வெற்றி. அப்போது பயிற்சியாளர் ஜாம்பாவ்லோ மாட்சா. உடற்கல்வி ஆசிரியர், 15 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். பெரிய நாடுகளில் இரண்டு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரின் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். இவர் 15 வருடத்தில் பார்த்த வெற்றி அந்த ஒன்றுதான், யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. 2014 நவம்பரில் எஸ்டோனியாவோடு 0-0, அத்தோடு 61 தொடர் தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி.

2016 நவம்பருக்கு வருகிறேன். மறுபடி ஜெர்மனி, மறுபடி செரவல்லே, 0-8. ஆட்டம் முடிந்ததும் ஜெர்மனி வீரர் தாமஸ் முல்லர், இந்த மாதிரி ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிற தொனியில் பேசினார். நெருக்கடியான அட்டவணையில் இது வேண்டாத ரிஸ்க் என்பது அவர் கட்சி. நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காயம் பட்டால் அவருக்கல்லவா வலி. ஆனால் சான் மரினோ தரப்புச் செய்தித் தொடர்பாளர் ஆலன் காஸ்பெரோனி சும்மா இருக்கவில்லை. அவரும் ஒரு திறந்த மடல் எழுதினார். இந்த ஆட்டம் எதற்கு உதவியது என்று பத்துக் காரணம் அடுக்கினார். முதல் அடியே முல்லரின் மூக்கில்: எங்களைப் போன்ற அணியோடு ஆடினாலும் உங்களால் கோல் போட முடியாது என்று தெரிந்துகொள்ள உதவியது. எட்டுக் கோலில் ஒன்றுகூட முல்லருடையது இல்லையே! எவ்வளவு அழகான அடிடாஸ் சட்டை போட்டாலும் செருப்புக்கு வெள்ளை சாக்ஸ் போடுகிற ஆட்கள்தானே நீங்கள் என்றும் ஒரு வாரு வாரினார். எட்டுக் கோல் வாங்கியவர்களுக்கு இவ்வளவு நக்கல் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே படித்தேன். என் கட்சி ஆட்டம் காண ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முழுசாக மாறியது 2023 அக்டோபர் 17 அன்று. செரவல்லேக்கு டென்மார்க் வந்திருந்தது. ஹோய்லுண்ட் முதல் பாதியில் கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு அலெஸ்ஸாண்ட்ரோ கோலினூச்சி திருப்பிக் கொடுத்தார், 1-1. சில நிமிடங்கள்தான், பிறகு பவுல்சன் கோல் போட்டு டென்மார்க்கைக் காப்பாற்றினார். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் டென்மார்க் வீரர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் படிக்காத கேள்வி வந்தது மாதிரி. அடுத்த மாதம் கஜகஸ்தானோடும் பின்லாந்தோடும் தோற்றார்கள். ஆனால் இரண்டிலும் ஒரு கோல் போட்டார்கள். தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் கோல் போட்டது அந்த நாட்டு வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

அதே அக்டோபர் 17 அன்று கொழும்பில், உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதியின் முதல் சுற்றில் இன்னொரு ஆட்டம் நடந்தது. இலங்கையும் ஏமனும், 1-1. முதல் ஆட்டத்தில் 0-3 என்று தோற்றிருந்ததால் இலங்கையின் உலகக் கோப்பைப் பயணம் அன்றோடு சரி. இரண்டே ஆட்டம், மூட்டை கட்டியாகிவிட்டது. இதுதான் ஆசியாவில் நாங்கள் பார்த்துப் பழகிய வடிகட்டல். ஜப்பானோ தென்கொரியாவோ ஈரானோ எங்கள் சின்ன நாடுகளின் மைதானத்துக்கு வந்து ஆடுவதைத் தெருப்பையன்கள் மதில் மேல் ஏறிப் பார்க்கும் பாக்கியம் இப்படித்தான் போகிறது. உங்களிடம் எதைக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அதைக் கொண்டுவந்துவிட்ட ஊரிலிருந்து சொல்கிறேன் என்பதற்காக இது.

உங்களை ஒரு விஷயத்தில் பாராட்டியாக வேண்டும். 2018இல் நேஷன்ஸ் லீக் என்று ஆரம்பித்து, சமமான அணிகளைச் சமமான அணிகளோடு மோதவிட்டீர்கள். பணத்துக்காக இன்னொரு போட்டியா என்று அப்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2024 செப்டம்பர் 5. நேஷன்ஸ் லீக்கின் கடைசி அடுக்கான டி பிரிவில் சான் மரினோவும் லீக்டென்ஸ்டைனும். ஆயிரம் பேர்கூட இல்லாத அரங்கம். 53ஆவது நிமிடம். லீக்டென்ஸ்டைன் பின்கள வீரரும் கோல்கீப்பரும் 'நீயா நானா' என்று தயங்கிய ஒரு நொடியில் நிக்கோ சென்சோலி உள்ளே புகுந்து பந்தைத் தட்டிவிட்டார். 1-0. வெற்றியே இல்லாமல் கழிந்த 140 ஆட்டங்கள் அங்கே முடிந்தன. போட்டி ஆட்டம் ஒன்றில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. சென்சோலிக்கு வயது 19. முந்தைய வெற்றி கிடைத்த 2004இல் அவர் பிறக்கவே இல்லை.

நவம்பரில் ஜிப்ரால்டரோடு 1-1. மூன்று நாள் கழித்து வாடூஸ் நகரில் மறுபடி லீக்டென்ஸ்டைன். முதல் கோல் வாங்கிப் பின்தங்கினார்கள். பழைய சான் மரினோவாக இருந்தால் அங்கேயே தோள் தொங்கிப்போயிருக்கும். இடைவேளை முடிந்து வந்ததும் லாட்சாரி ஒன்று, பெனால்டியில் நான்னி ஒன்று, கோலினூச்சி ஒன்று. 3-1. வெளியூரில் முதல் வெற்றி, ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் என்பதும் முதல் முறை. குழுவில் முதலிடம், சி பிரிவுக்குப் பதவி உயர்வு. அப்போது ஃபிஃபா தரவரிசையில் 210ஆம் இடத்தில், அதாவது கடைசியில் இருந்த அணி!

"பார்த்தீர்களா, சமமானவர்களோடு ஆடியதால்தானே ஜெயித்தார்கள், அப்படியானால் முன்தகுதிச் சுற்றும் நல்லதுதானே" என்று உங்களில் ஒருவர் சொல்வது எனக்குக் கேட்கிறது. இங்கேதான் சிக்கல். வாடூஸில் பின்தங்கியபோது கோலினூச்சி பதறாததற்கு, ஒரு வருடம் முன்பு டென்மார்க்கின் வலைக்குள் அவர் பந்தை அனுப்பியிருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜெயிக்கக் கற்றுக்கொள்ள டி பிரிவு வேண்டும். பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள டென்மார்க் வேண்டும். ஒன்றைக் கொடுத்ததற்காக இன்னொன்றைப் பிடுங்காதீர்கள்.

ஃபாரோ தீவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1990 செப்டம்பரில் தங்கள் முதல் தகுதிச் சுற்று ஆட்டத்திலேயே ஆஸ்திரியாவை 1-0 என்று சாய்த்தவர்கள். கோல்கீப்பர் தலையில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்றார். சொந்த ஊரில் சரியான புல்தரை இல்லாததால் ஆட்டமே ஸ்வீடனில்தான் நடந்தது. இப்போது பாருங்கள், 2025இல் செக் குடியரசை வீழ்த்தி, குழுவில் 12 புள்ளி எடுத்து, கடைசிவரை எல்லோரையும் நகம் கடிக்க வைத்தார்கள். 35 வருடம் பெரிய அணிகளிடம் அடி வாங்கி வாங்கித்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சான் மரினோ ஆடிய 8 ஆட்டமும் தோல்வி. போட்டது 2 கோல், வாங்கியது 39. மறைக்கவில்லை. ஆனாலும் நேஷன்ஸ் லீக்கில் குழுவை வென்ற புண்ணியத்தில், தகுதிக்கான கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் வரிசையின் வாலில் அவர்கள் பெயர் கடைசி மாதம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. ருமேனியா குழுவில் இரண்டாவதாக வந்தால் நேஷன்ஸ் லீக் வழியில் ஓர் இடம் காலியாகும், அதனால் ருமேனியாவிடம் பெரிதாகத் தோற்பதே சான் மரினோவுக்கு லாபம் என்றுகூட இணையத்தில் கணக்குப் போட்டார்கள்! கடைசியில் அந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த ஆட்டத்திலும், ருமேனியா 7 கோல் போடுவதற்கு முன்னால் முதல் கோலைப் போட்டது சான் மரினோதான்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. தகுதிச் சுற்றுக்கு முன்னால் இன்னொரு கதவு வைக்காதீர்கள். ஐந்து அணிகள் கொண்ட குழுவில் அவர்களுக்கும் ஓர் இடம், சொந்த மண்ணில் நான்கு ஆட்டம், அது அப்படியே இருக்கட்டும். அட்டவணை நெருக்கடி என்று பெரிய அணிகள் முறையிட்டால், கோடையில் அமெரிக்கா, ஆசியா என்று காட்சி ஆட்டங்களுக்குப் பறப்பதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செரவல்லேயில் ஆட்டம் அங்கே இரவு 8.45 என்றால் இங்கே 12.15. என் போனில் அலாரம் ஏற்கெனவே இருக்கிறது, தேதியை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ஒரு ரசிகன்