கால்வாய் வேண்டியது மேட்டில், சதுப்பில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை வலுத்தால் போதும், நீலகிரியில் கேரட் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது, கால்வாய் வெட்டித் தாருங்கள் என்று கோரிக்கை கிளம்பிவிடுகிறது. விவசாயிகளின் கஷ்டம் உண்மையானது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும், கடன் வாங்கிப் போட்ட விதை, உரம், கூலி எல்லாம் போச்சு. ஆனால் அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதில் பல, பள்ளத்தின் அடியில், முன்பு எருமைகள் மேய்ந்த சதுப்பில் இருக்கின்றன.

சுற்றியுள்ள புல்மேட்டிலும் சோலையிலும் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, பள்ளத்துக்குக் கசிந்து வந்து, அங்குள்ள கறுப்பு மண்ணில் தங்குகிறது. மட்காத புல்லும் வேரும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண் அது. இந்த மலையில் 20,000 ஆண்டுகளுக்கும் பழைய படிவுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எப்போதும் ஈரமாக இருந்ததால்தான் இவ்வளவு காலம் மட்காமல் கிடந்தது. நடுவில் ஆழமாக ஒரு கால்வாய் போட்டால் காற்று உள்ளே போகிறது, மண் காய்ந்து மட்கிச் சுருங்குகிறது, நிலமே கீழே இறங்குகிறது, அப்புறம் வெட்டிய கால்வாய் பத்தாமல் இன்னும் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்ட கறுப்பு மண் பழையபடி தண்ணீரைப் பிடித்து வைப்பதும் இல்லை. பிப்ரவரியில் கீழே ஓடை வற்றும்போது மழை பொய்த்துவிட்டது என்கிறோம். பெய்த மழையை நவம்பரிலேயே பவானி ஆற்றுக்கு அனுப்பிவிட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேய்கிற புல்லும் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. சதுப்பு காய்ந்தால் அதுவும் கிடைக்காது.

ஊட்டி நகரத்தைப் பாருங்கள். பஸ் நிலையமும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. கனமழைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்றால் அது தன் இடத்துக்குத்தான் வருகிறது. இது தெரிந்தும் இன்றைக்கும் வீட்டுமனைக்காகப் பள்ளத்தில் மண் கொட்டுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கால்வாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவில் கட்டாயம் வேண்டும். 2009 நவம்பரில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. பாத்திகளை மேலிருந்து கீழே நேராக ஓட்டாமல் சரிவுக்குக் குறுக்கே போடுவது, சரிவில் படிபடியாக வெட்டிய நிலத்தை மலைப்பக்கமாக உள்ளே சாய்த்து அமைப்பது, வெட்டிய மண்சுவருக்கு மேலே வருகிற தண்ணீரைத் தனியாகத் திருப்பிவிடுவது, இதையெல்லாம் நம் ஊட்டியில் இருக்கிற இந்திய மண், நீர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமே பல வருடமாகச் சொல்லி வருகிறது. மேட்டில் இதைச் சரியாகச் செய்தாலே பள்ளத்துக்கு ஒரேயடியாக வந்து விழுகிற தண்ணீரும் சேறும் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே சதுப்பில் பயிர் செய்கிறவர்களை விரட்டவும் முடியாது, விரட்டவும் கூடாது. அவர்கள் கால்வாயை ஆழப்படுத்துவதற்குப் பதிலாக மேட்டுப்பாத்தி போடலாம். மழை ஓய்ந்ததும் கால்வாயில் தண்ணீர் வெளியேறும் வாயில் கல்லும் மணல்மூட்டையும் வைத்து அடைத்தால், ஈரம் கொஞ்ச மாதமாவது தாங்கும். ஊற்றுக்கண்ணைச் சுற்றி மட்டும் உழாமல் விடச் சொல்லி, அந்தத் துண்டு நிலத்துக்கு அரசு நஷ்டஈடு கொடுக்கட்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. மிச்சமிருக்கிற சதுப்புகளை, பட்டா நிலத்தில் இருப்பதையும் சேர்த்து, ஊர் ஊராக அளந்து வருவாய்த் துறை வரைபடத்தில் குறியுங்கள். அந்த வேலை முடியும்வரை பள்ளத்தில் பொக்லைன் இறக்க யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேத்தி, நீலகிரி